நாகமும் சிலுவையும்: தீவகத்தில் பௌத்த, கிறிஸ்தவ வழிபாடுகள் — ஓர் ஒப்பியல் நோக்கு

சமயங்களை ஒப்பிட்டு ஆராயும் முயற்சிகள் நம்மிடையே பெரும்பாலும் இரண்டு வழிகளிலேயே நடைபெற்று வந்துள்ளன. தன் சமயத்தின் உயர்வையும் பிற சமயத்தின் தாழ்வையும் நிலைநாட்டுவதற்காக ஒப்பிடுவது ஒரு வழி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கண்டனத் துண்டுப்பிரசுரங்கள் யாவும் இவ்வகையின. எல்லாச் சமயங்களும் ஒன்றையே கூறுகின்றன என்று முடிவை முன்னரே எடுத்துக்கொண்டு, அதற்கேற்ற மேற்கோள்களைத் தேடுவது மற்றொரு வழி. முதலாவது பகைமையை வளர்ப்பது. இரண்டாவது நல்லெண்ணத்திற் பிறந்ததாயினும் உண்மையை மழுப்புவது. இரண்டிற்கும் பொதுவான குறைபாடு ஒன்றுண்டு. சமயத்தை நூல்களில் மட்டும் வாழும் கருத்துத் தொகுதியாகவே இவை கொள்கின்றன. குறித்ததொரு நிலத்தில், குறித்ததொரு தொழிலைச் செய்து, குறித்த சில அச்சங்களோடும் ஆசைகளோடும் வாழும் மனிதர் ஒரு சமயத்தை எவ்வாறு கைக்கொள்கின்றனர் என்ற வினா இவற்றில் எழுவதேயில்லை.

இக்கட்டுரையில் யாழ்ப்பாணத்துத் தீவகத்தை, சிறப்பாக நயினாதீவு, ஊர்காவற்றுறை, நெடுந்தீவு ஆகிய மூன்றிடங்களை, ஆய்வுக்களமாகக் கொண்டு பௌத்தத்தையும் கிறிஸ்தவத்தையும் ஒப்பிட முனைகின்றோம். தீவக மக்களுட் பெரும்பான்மையோர் சைவர். ஆயினும் நயினாதீவு தேரவாத பௌத்தர்களின் முதன்மையான யாத்திரைத் தலங்களுள் ஒன்று. ஊர்காவற்றுறை பழைமைவாய்ந்த கத்தோலிக்க மையம். நெடுந்தீவிலோ சிதைந்த தூபிகளின் எச்சங்களும் உயிருள்ள தேவாலயங்களும் ஒரே தீவில் உள்ளன. புங்குடுதீவின் குறிகட்டுவான் இறங்குதுறையில் நிற்பவர், வெண்ணிற ஆடையணிந்த தென்னிலங்கை யாத்திரிகர் நயினாதீவுக்குப் படகேறுவதையும், கச்சதீவுத் திருவிழாக் காலத்திற் செபமாலையணிந்த கத்தோலிக்கர் அதே துறையிற் காத்து நிற்பதையும் காணலாம். கோட்பாட்டு நூல்கள் காட்டாத பல உண்மைகளை இத்துறை காட்டுகின்றது.

வரவின் வரலாறு

மகாவம்சத்தின் முதலாம் அதிகாரம் புத்தர் இலங்கைக்கு மும்முறை வந்தாரெனக் கூறும். இரண்டாம் வருகை நாகதீபத்திற்கு. மணிகள் பதித்த ஆசனம் ஒன்றன் பொருட்டு மகோதரன், சூளோதரன் என்னும் நாக அரசர் இருவர் போர்தொடுக்க, புத்தர் அவர்களை அமைதிப்படுத்தினார் என்பது அக்கதை. மணிமேகலைக் காப்பியத்தில் மணிபல்லவத் தீவிலுள்ள புத்த பீடிகையின் வரலாறாக இதனையொத்த கதையே இடம்பெறுகின்றது. பாளி மரபும் தமிழ் மரபும் ஒரே பழங்கதையைத் தத்தம் வழியிற் பாதுகாத்துள்ளன என்பது இதனாற் பெறப்படும். மணிபல்லவம் எதுவென்பது பற்றி ஆய்வாளரிடையே கருத்து வேற்றுமை உண்டு. புத்தரின் வருகையை வரலாற்று நிகழ்ச்சியாகக் கொள்வதற்கும் ஆதாரமில்லை. எனினும் கி.பி. ஐந்தாம், ஆறாம் நூற்றாண்டுகளில் இப்பகுதி பௌத்த உலகின் புனிதப் படத்தில் இடம்பெற்றிருந்தது என்பதை இக்கதைகள் உறுதிசெய்கின்றன.

தொல்லியற் சான்றுகளும் இதற்குத் துணைநிற்கின்றன. பவுல் ஈ. பீரிஸ் 1917 ஆம் ஆண்டையொட்டிக் கந்தரோடையில் வெளிப்படுத்திய சிறு தூபிகளும், 1936 இல் வல்லிபுரத்திற் கிடைத்த பொற்சாசனமும் குடாநாட்டிற் பௌத்தம் வேரூன்றியிருந்தமையைக் காட்டும். பொற்சாசனத்தில் வரும் 'நாகதீவ' என்ற பெயர் ஒரு சிறு தீவை மட்டுமன்றி, வடபகுதி முழுவதையுமே குறித்ததென்பது பெரும்பாலோர் கருத்து. நெடுந்தீவில் வெடியரசன் கோட்டையென மக்கள் வழங்கும் இடத்திற் பவளக்கல்லாலான தூபிகளின் அடித்தளங்கள் உள்ளன. கண்ணகியின் சிலம்புக்கு நாகமணி தேடிவந்த மீகாமனோடு பொருத வெடியரசனின் கோட்டையாகவே மக்கள் நினைவு அவ்விடத்தைப் போற்றுகின்றது. பௌத்தம் மறைந்தபின் அதன் இடிபாடுகளை நாட்டார் கதை தன்வயமாக்கிக்கொண்டதற்கு இது நல்ல எடுத்துக்காட்டாகும்.

இச்சமயம் இங்கு வந்தது எதனால்? நயினாதீவிலுள்ள முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டு இவ்வினாவுக்கு மறைமுகமாக விடை தருகின்றது. பேராசிரியர் கா. இந்திரபாலா பதிப்பித்த இப்பன்னிரண்டாம் நூற்றாண்டுச் சாசனம் சமயம் பற்றியதன்று, வாணிகம் பற்றியது. அந்நிய வணிகர் ஊராத்துறைக்கே வந்திறங்க வேண்டும்; யானையும் குதிரையும் ஏற்றிவந்த மரக்கலம் உடைந்தால் நாலில் ஒரு பங்கு பண்டாரத்திற்கும் எஞ்சிய முப்பங்கு உடையவனுக்கும் உரியன; பிற சரக்கு ஏற்றிய கலம் கெட்டாற் செம்பாதி பண்டாரத்திற்குரியது என அது விதிக்கின்றது. ஊராத்துறையே இன்றைய ஊர்காவற்றுறை. பௌத்தம் தன் தொடக்கத்திலிருந்தே வணிகர் குழாத்தோடு நெருங்கிய தொடர்புடையதென்பதை டி. டி. கோசாம்பி முதலானோர் விளக்கியுள்ளனர். அவ்வுறவின் கடல்வழிக் கண்ணிகளுள் ஒன்றாகவே தீவகம் விளங்கியது.

கத்தோலிக்கம் வந்ததும் இதே துறையால், இதே காரணத்தாலேயே. ஐரோப்பியர் ஊர்காவற்றுறையை வழங்கிய கைற்ஸ் என்ற பெயர் துறைமேடையைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லின் அடியாகப் பிறந்தது. யானைகள் ஏற்றப்பட்ட துறை அது. முத்துக்குளித்துறைப் பரதவர் 1530களிற் போர்த்துக்கேயரின் பாதுகாப்பை நாடி மதம் மாறியதும், 1544 இல் மன்னாரிற் புதுக்கிறிஸ்தவர்கள் சங்கிலி மன்னனாற் கொல்லப்பட்டதும், 1619 இல் யாழ்ப்பாண அரசு வீழ்ந்ததும், 1621 இல் நல்லூர்க் கந்தசுவாமி கோவில் இடிக்கப்பட்டதும் ஒரே தொடரின் நிகழ்ச்சிகள். 1658 இல் ஆட்சியைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் தீவுகளுக்குத் தம் நாட்டு நகரங்களின் பெயர்களைச் சூட்டினர். அவற்றுள் நெடுந்தீவுக்கு இட்ட டெல்ப்ற் என்ற பெயரே நிலைத்தது. அவர்கள் கத்தோலிக்கத்தைத் தடைசெய்தனர். அரசின் துணையோடு பரவிய சமயம் இப்போது அரசால் ஒறுக்கப்பட்ட சமயமாயிற்று. 1687 இற் கோவாவிலிருந்து மாறுவேடத்தில் யாழ்ப்பாணம் வந்து மறைவாகப் பணியாற்றிய யோசேவாஸ் அடிகள் 2015 இல் திருத்தந்தை பிரான்சிஸாற் புனிதராக அறிவிக்கப்பட்டார். ஆட்சியாளரின் சமயமென்று தொடங்கியது ஒடுக்கப்பட்ட மீனவரின் சமயமாக உறுதிபெற்றது இத்தடைக்காலத்திலேதான் என்பது கருதத்தக்கது.

கோட்பாட்டு நிலையில் வேறுபாடு

கோட்பாட்டளவில் இரு சமயங்களும் எதிரெதிர்த் திசையில் நிற்பன. கிறிஸ்தவத்தின் மூலாதாரம் படைப்புக் கடவுள். உலகம் அவரால் ஒரு காலத்திற் படைக்கப்பட்டது. ஒரு நாள் முடிவுறும். தேரவாத பௌத்தம் படைப்புக் கடவுளை ஏற்பதில்லை. உலகம் காரண காரியத் தொடர்ச்சி. அதற்கு முதலும் முடிவும் காண்பதற்கில்லை. கிறிஸ்தவத்தில் மனிதன் அழியாத ஆன்மாவுடையவன். ஒரே பிறவியில் அவனது நித்திய கதி தீர்மானிக்கப்படுகின்றது. பௌத்தத்தில் நிலையான ஆன்மா என்ற ஒன்றில்லை. ஐந்து கந்தங்களின் கூட்டமே மனிதன். ஆன்மா இல்லாமலே பிறவித்தொடர் உண்டு என்பது அதன் நுண்ணிய, விளக்குதற்கரிய நிலைப்பாடு.

துன்பத்தின் தோற்றம் பற்றிய விளக்கமும் வேறு. கிறிஸ்தவம் அதனைச் சன்மப் பாவத்தில், அதாவது இறைவனின் கட்டளையை மீறியதில் காண்கின்றது. பௌத்தம் அறியாமையிலும் வேட்கையிலும் காண்கின்றது. ஒன்றில் மனிதன் குற்றவாளி, மற்றதில் நோயாளி. எனவே ஒன்றுக்கு மன்னிப்பும் மீட்பும் தேவை. மற்றதற்கு மருத்துவம் தேவை. கிறிஸ்து சிலுவையில் மாண்டு, உயிர்த்தெழுந்து, மனிதனுக்காக அவனது கடனைத் தீர்க்கின்றார். புத்தரோ வழியைக் காட்டுகின்றார். நடக்க வேண்டியவன் மனிதனே. பரிநிர்வாணம் எய்திய புத்தர் இன்று எவருடைய வேண்டுதலையும் கேட்பவரல்லர். அவருக்கு மலர் படைப்பது நினைவுகூர்தலும் மனத்தைப் பண்படுத்தலுமேயன்றி அருள்வேண்டல் அன்று.

இதனாற் குருவின் நிலையும் மாறுபடுகின்றது. கத்தோலிக்கக் குருவானவர் இறைவனுக்கும் மக்களுக்கும் இடையிலான நடுவர். அவரின்றி நற்கருணையில்லை, பாவசங்கீர்த்தனம் இல்லை. பௌத்தப் பிக்கு நடுவரல்லர். தன் விடுதலையைத் தேடுபவர். அவருக்குத் தானம் அளிப்பதனால் இல்லறத்தார் புண்ணியம் ஈட்டுகின்றனர். பிக்குமாரும் தம் குற்றங்களை உபோசத நாளில் ஒருவர்க்கொருவர் அறிக்கையிடுவர். ஆயினும் அது மன்னிப்புப் பெறும் சடங்கன்று. சங்க ஒழுக்கத்தைப் பேணும் விதி. புறத்தோற்றத்தில் ஒத்த இரு செயல்கள் அடிப்படையில் வேறுபடலாம் என்பதற்கு இது சான்று.

வழிபாட்டு நிலையில் ஒப்புமை

நூல்களை மூடிவிட்டுத் தலங்களுக்குச் சென்றால் நாம் காணும் காட்சி வேறு. விகாரையில் விளக்கும் ஊதுபத்தியும் மலரும். தேவாலயத்தில் மெழுகுதிரியும் சாம்பிராணியும் மலர்மாலையும். அங்கே பெரகர, இங்கே திருச்சொரூபப் பவனி. அங்கே தாதுக்கள்; இங்கே புனிதரின் திருப்பண்டங்கள். பௌத்த மரபு புனிதப் பொருள்களை உடலெச்சம், பயன்படுத்திய பொருள், நினைவுருவம் என மூவகைப்படுத்தும். புத்தர் அமர்ந்த ஆசனமும் அவருக்கு நிழல் செய்த மரமும் நாகதீபத்தில் விடப்பட்டன என்ற மகாவம்சக் கூற்று இத்தீவை இரண்டாம் வகையிற் சேர்க்கின்றது. கத்தோலிக்கத் திருச்சபையும் திருப்பண்டங்களை ஏறத்தாழ இதே அடிப்படையில் வகுக்கின்றது.

வழிபாட்டு மொழியிலும் ஓர் ஒப்புமை உண்டு. பாளிக் காதைகளைச் சிங்கள யாத்திரிகர் ஓதுகின்றனர். அவர்களுட் பலர் அவற்றைச் சொல்லுக்குச் சொல் விளங்கிக்கொள்வதில்லை. 1962 முதல் 1965 வரை நடைபெற்ற இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் சீர்திருத்தங்கள் நடைமுறைக்கு வரும்வரை ஊர்காவற்றுறை மீனவரும் இலத்தீனிலேயே பூசை கண்டனர். பொருள் விளங்காத மொழி புனிதத்தை மிகுவிக்கின்றது; அதேவேளை அம்மொழி அறிந்தாரின் அதிகாரத்தையும் மிகுவிக்கின்றது.

இறந்தாரை நினைத்தலில் இவ்வொப்புமை மிக ஆழமானது. பௌத்தர் பிக்குமாருக்குத் தானம் அளித்து, அதன் புண்ணியத்தை இறந்தோர்க்கு உரித்தாக்குவர். கத்தோலிக்கர் உத்தரிக்கிற ஸ்தலத்து ஆன்மாக்களுக்காகப் பூசை ஒப்புக்கொடுப்பர். ஒவ்வொருவரின் வினை ஒவ்வொருவர்க்கே என்பது பௌத்தத்தின் கண்டிப்பான விதி. மரணத்தோடு தீர்ப்பு முடிந்துவிடுகின்றது என்பது கிறிஸ்தவத்தின் கண்டிப்பான விதி. இரண்டு விதிகளிலும் சற்று இடைவெளி உண்டாக்கி, இருப்பவர் இறந்தவர்க்கு ஏதேனும் செய்யலாம் என்ற ஆறுதல் நுழைக்கப்பட்டுள்ளது. கோட்பாடு கொடுக்க மறுத்ததை மக்கள் வழிபாட்டின் வாயிலாகப் பெற்றுக்கொண்டனர் எனலாம்.

இவ்விரு சமயங்களும் உயர்ந்ததோர் இலக்குக்கும் அன்றாடத் தேவைக்கும் இடையில் ஒருவகைப் பங்கீட்டைச் செய்துகொண்டுள்ளன. சிங்கள பௌத்தர் நிர்வாணத்தை நோக்கிப் புத்தரை வணங்குவர். நோய் தீரவும் பிள்ளை பிறக்கவும் விஷ்ணு, கதிர்காமத் தெய்வம், பத்தினி ஆகியோரை வேண்டுவர். கத்தோலிக்கத் திருச்சபை இறைவனுக்குரிய ஆராதனையையும் புனிதர்க்குரிய வணக்கத்தையும் கோட்பாட்டளவில் வேறுபடுத்துகின்றது. நடைமுறையில், புயற்கடலில் அகப்பட்ட மீனவன் முதலில் அழைப்பது அந்தோனியாரை அல்லது மாதாவை. நயினாதீவுக்கு வரும் சிங்கள யாத்திரிகருட் பலர் நாகவிகாரையை வணங்கியபின் நாகபூசணி அம்மன் கோவிலுக்கும் சென்று அருச்சனை செய்விக்கின்றனர். இதனை அறியாமை என்றோ கலப்படம் என்றோ ஒதுக்குதல் பொருந்தாது. விடுதலை தருபவர் வேறு, உதவி தருபவர் வேறு என்ற தெளிவான பகுப்பு அவர்களின் செயலில் உள்ளது.

கடலே இதற்குத் திறவுகோல். பாலைதீவிலும் கச்சதீவிலும், குடியிருப்பற்ற தீவுகளில், அந்தோனியார் ஆலயங்கள் எழுந்தமைக்கு வேறு விளக்கம் தேவையில்லை. வலையும் தோணியும் கொண்டு இயற்கையோடு பொருதும் மனிதனின் உற்பத்திக் கருவிகள் எவ்வளவு வலிமை குன்றியனவோ, அவ்வளவுக்குக் காவல் தெய்வத்தின் தேவை மிகுகின்றது. பௌத்த சாதகக் கதைகளிற் கடலில் வீழ்ந்த மகாசனகனைக் காப்பவள் மணிமேகலா தெய்வம். கத்தோலிக்கர் மரியாளைக் கடலின் விண்மீன் என அழைப்பர். மரக்கலம் கெட்டாற் பண்டாரத்திற்கு எவ்வளவு என்று கணக்கிட்ட அரசின் கல்வெட்டும், கலம் கெடாதிருக்க வேண்டும் மீனவனின் நேர்த்திக்கடனும் ஒரே கடலைப் பற்றியவை. பார்த்தவர்களின் வர்க்கம் வேறு.

இலக்கியத்திற் சில சந்திப்புகள்

மணிபல்லவத்தின் கோமுகிப் பொய்கையிலிருந்து மணிமேகலை பெறுவது அமுதசுரபி. கற்பிற் சிறந்த ஆதிரை முதற்பிச்சை இட, அதிலிருந்து உணவு குறைவின்றிச் சுரக்கின்றது. காயசண்டிகையின் தீராப்பசி தீர்கின்றது. பின்னர் சிறைக்கோட்டம் அறக்கோட்டமாக மாறுகின்றது. நற்செய்தி நூல்கள் நான்கிலும், ஐந்து அப்பமும் இரண்டு மீனும் ஐயாயிரவர்க்கு உணவான நிகழ்ச்சி கூறப்படுகின்றது. இரண்டிலும் கேட்பது பசித்த மக்களின் குரலே. ஆயின் தொடரும் பாதைகள் வேறு. யோவான் நற்செய்தியில் அவ்வப்பம் உடனேயே வானக அப்பத்தின் குறியீடாகி, பின்னர் திருச்சபையின் நற்கருணைச் சடங்கோடு இணைகின்றது. மணிமேகலையிற் பசி குறியீடன்று. அது பிணியாகவே, எல்லா அறத்தையும் அழிக்கும் பிணியாகவே பேசப்படுகின்றது. தமிழிலக்கியத்திற் பசியைச் சமூகப் பிரச்சினையாக இவ்வளவு அழுத்தத்துடன் முன்வைத்த காப்பியம் வேறில்லை எனத் துணிந்து கூறலாம். ஆயினும் அக்காப்பியமும் பசியின் காரணத்தை முற்பிறப்பு வினையிலே தேடுகின்றது. தீர்வை வற்றாத பாத்திரத்திலே காண்கின்றது. உற்பத்தி போதாத சமுதாயம் கண்ட கனவு அது. கனவென்பதால் இகழத்தக்கதன்று, கனவென்பதை மறக்கவும் ஆகாது.

இரண்டாவது சந்திப்பு கதைகளின் பயணத்தால் நேர்ந்தது. அரண்மனையை விட்டுத் துறவு பூண்ட இளவரசனின் கதை மேற்காசிய மொழிகளின் வழியாக ஐரோப்பாவை அடைந்தபோது, போதிசத்துவர் என்ற சொல் திரிந்து யோசபாத் என்றாயிற்று. அவ்யோசபாத் உரோமத் திருச்சபையின் புனிதர் பட்டியலில் நவம்பர் 27 ஆம் நாளுக்குரியவராக இடம்பெற்றார். திருச்சபை அறியாமலே புத்தருக்கு விழா எடுத்தது. யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கக் கூத்துகளுள் ஒன்றான எஸ்தாக்கியார் நாடகத்தின் மூலக்கதையிலும், வேட்டைக்காரனுக்கு அறிவுகாட்டும் மான், மனைவி மக்களைப் பிரிதல் ஆகிய கூறுகள் பௌத்த சாதகக் கதைகளை ஒத்திருப்பதை ஆய்வாளர் சுட்டியுள்ளனர். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களிற் பதிப்பித்த மன்னார்க் கத்தோலிக்க நாடகங்களும், தமிழ்க் கூத்தினதும் கத்தோலிக்கத்தினதும் செல்வாக்கைப் பெற்று வளர்ந்த சிங்கள நாடகமும் ஒப்பிடத்தக்கன. அந்நாடக வடிவத்தைக் கொண்டே சரச்சந்திர 1956 இற் சாதகக் கதையொன்றை 'மனமே' என அரங்கேற்றினார். பௌத்தக் கதை கத்தோலிக்கர் பேணிய வடிவிற் சிங்கள மக்களின் நவீன அரங்கானது. அதே 1956 இலேதான் தனிச்சிங்களச் சட்டமும் நிறைவேறியது என்பதையும் மறத்தற்கில்லை.

மூன்றாவது, நாகம். பௌத்த மரபில் நாகம் காவலன்; முசலிந்த நாகம் படம் விரித்துப் புத்தரை மழையிலிருந்து காத்தது. நயினாதீவு அம்மனுக்கு நாகம் அணி. கிறிஸ்தவத்திலோ ஏவாளை ஏமாற்றிய பாம்பு தீமையின் உரு. மாதாவின் சொரூபத்தில் அது திருவடியின்கீழ் மிதிபடுகின்றது. முன்னிருந்த வழிபாட்டை ஒரு சமயம் உள்வாங்குகின்றதா, மிதிக்கின்றதா என்பதை இவ்வுருவங்கள் வெளிப்படுத்துகின்றன. பௌத்தம் நாக வழிபாட்டினரைப் புத்தரின் அடியாராக்கியது. தன் மேலாண்மையை ஏற்கச்செய்து இடமளித்தது. கத்தோலிக்கம் பழைய தெய்வத்தை மறுத்தது. ஆனால் கொடியேற்றம், நேர்த்தி, கூத்து ஆகிய பழைய வழிபாட்டுமுறைகளைத் தன்னகத்தே ஏற்றது. உள்வாங்கலும் ஒருவகை வெற்றிகொள்ளலே என்பதை இரு வழிகளும் காட்டுகின்றன.

நிறுவனம், சாதி, அரசு

இன்று நாம் காணும் இலங்கைப் பௌத்தம் கிறிஸ்தவத்தோடு மோதி, மோதலின்போதே அதனிடம் கற்றுக்கொண்ட பௌத்தமாகும். 1873 இற் பாணந்துறையில் மீகெட்டுவத்தே குணானந்த தேரர் கிறிஸ்தவ போதகருடன் நடத்திய வாதம், 1880 இல் ஒல்கொட்டின் வருகை, 1881 இல் வெளிவந்த வினாவிடை வடிவிலான பௌத்த நூல், 1885 இற் பௌத்தக் கொடி, 1898 இல் இளைஞர் பௌத்த சங்கம் ஆகியன ஒரு தொடர். வினாவிடையும் ஞாயிறு பாடசாலையும் சங்க அமைப்பும் மிசனரிமாரிடமிருந்து பெற்ற கருவிகள். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலர் இதற்கு முன்னரே சைவத்திற்குச் செய்ததும் இதுவே. இரு மறுமலர்ச்சிகளும் குடியேற்ற ஆட்சிக்கு எதிரான தன்மானத்தை வளர்த்தன. உடனிகழ்வாக, எழுத்தறிவு பெற்ற மேல்மட்டத்தாரின் ஒழுக்கத்தையே சமயத்தின் தூய வடிவமென நிலைநாட்டின. நாவலர் கண்ணகி வழிபாட்டைக் கண்டித்ததும், அதன்பின் கண்ணகி கோவில்கள் பல அம்மன் கோவில்களாகப் பெயர் மாறியதும், தென்னிலங்கையோடு நமக்கிருந்த பொதுவான வழிபாட்டு இழையொன்றை அறுத்தன.

சமத்துவம் பேசிய இவ்விரு சமயங்களையும் சோதித்த உரைகல் சாதி. புத்தரின் சங்கம் பிறப்பை நோக்காதது. ஆயின் 1753 இல் இலங்கையில் நிறுவப்பட்ட சியம் நிக்காய விரைவிலேயே உபசம்பதையைக் கொவிகம சாதியாருக்கே உரியதாக்கியது. அதனை எதிர்த்தே பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமரபுர நிக்காய தோன்றிற்று. கிறிஸ்துவில் யூதனென்றும் அடிமையென்றும் வேறுபாடில்லை எனப் போதித்த திருச்சபையும், யாழ்ப்பாணத்துத் தேவாலயங்கள் பலவற்றிற் சாதிக்கேற்ற இருக்கைகளை நெடுங்காலம் பொறுத்துக்கொண்டது. சைவக் கோவில்களின் கதவடைப்பு இவையிரண்டினும் கொடியது. 1968 இன் மாவிட்டபுரம் அதற்குச் சாட்சி.

இப்பின்னணியிலேதான் 1950களிலும் 1960களிலும் குடாநாட்டின் ஒடுக்கப்பட்ட மக்களுள் ஒரு பகுதியினர் பௌத்தத்தை நாடியதை நோக்கவேண்டும். 1898 இல் அயோத்திதாச பண்டிதர் கொழும்புக்கு வந்து பௌத்தம் தழுவியதும், 1956 இல் நாகபுரியில் அம்பேத்கர் பெருந்திரளானோருடன் அதனைத் தழுவியதும் இதற்கு முன்னோடிகள். ஆயினும் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. அம்பேத்கரின் பௌத்தம் அரசின் கையில் இருக்கவில்லை. அதனால் விடுதலைக் குரலாக ஒலிக்க முடிந்தது. யாழ்ப்பாணத்து ஒடுக்கப்பட்டோர் முன் வைக்கப்பட்ட பௌத்தமோ சிங்கள மொழியோடும், 1972 இன் யாப்பில் முதன்மையிடம் பெற்ற அரச சமயத்தோடும் பிணைந்திருந்தது. சாதியிலிருந்து தப்ப இனத்தைத் துறக்கவேண்டிய நிலை அது. அவ்வழி வளராமற் போனதற்கு அம்மக்களின் தெளிவின்மை காரணமன்று. அவர்களுக்கு வழங்கப்பட்ட தெரிவின் குறுக்கமே காரணம்.

ஒரு சமயம் எவ்வாறு வாழ்கின்றதென்பதை அதன் நூல் தனித்துத் தீர்மானிப்பதில்லை. அது அரசோடும் உற்பத்தி உறவுகளோடும் கொண்டுள்ள தொடர்பும் சேர்ந்தே தீர்மானிக்கின்றது. அசோகனுக்குப் பின்னான பௌத்தமும் கொன்ஸ்தந்தீனுக்குப் பின்னான கிறிஸ்தவமும் இதனைப் பேரளவிற் காட்டின. தீவகம் சிற்றளவிற் காட்டுகின்றது. 2006 ஓகஸ்டில் அல்லைப்பிட்டி புனித பிலிப்பு நேரியார் தேவாலயத்தில் அடைக்கலம் புகுந்த மக்கள் எறிகணை வீச்சிற் கொல்லப்பட்டபோது, சிலுவை அரசின் சின்னமாக அன்றி அரசற்றோரின் புகலிடமாக நின்றது. 2009 இற்குப் பின் வடக்கின் பல இடங்களிற் படையினரின் துணையோடு எழுந்த விகாரைகள், கருணையைப் போதித்தவரின் உருவையே ஆட்சியெல்லையின் குறியாக்கின. நானூறு ஆண்டுகளுக்கு முன் நல்லூரில் நின்றவர்க்குச் சிலுவை எவ்வாறு தோன்றியிருக்குமோ, அவ்வாறே இன்று பலர்க்கு இவ்வுருக்கள் தோன்றுகின்றன. சின்னங்கள் மாறவில்லை, அவற்றைப் பிடித்த கைகள் மாறின.

முடிவாக

மேற்கூறியவற்றிலிருந்து மூன்று முடிவுகளுக்கு வரலாம். கோட்பாட்டு நிலையிற் பௌத்தமும் கிறிஸ்தவமும் வேறுபட்டவை. அவ்வேறுபாட்டை மழுப்புவது இரண்டையும் அவமதிப்பதாகும். வழிபாட்டு நிலையில் அவை வியக்கத்தக்க அளவு ஒத்தவை. கடலையும் நோயையும் மரணத்தையும் எதிர்கொள்ளும் மனிதரின் தேவை ஒன்றாயிருப்பதே அதன் காரணம். நிறுவன நிலையில் இரண்டும் அதிகாரத்தோடு கூடியபோது ஒடுக்கின. அதிகாரத்தை இழந்தபோது ஆறுதலாகவும் சிலவேளை எதிர்ப்பாகவும் நின்றன. மதத்தில் மனிதத் துயரின் வெளிப்பாட்டையும் அத்துயருக்கெதிரான முறையீட்டையும் ஒருசேரக் கண்ட மார்க்சியப் பார்வை, இவ்விரட்டைத் தன்மையை விளங்கிக்கொள்ள உதவுகின்றது. மதத்தை வெறும் ஏமாற்றென்று தள்ளிவிடும் வறட்டு நாத்திகம் அதற்கு உதவாது.

தமிழாய்வாளர்க்கு இதில் ஒரு கடமையும் உண்டு. பௌத்தம் என்றாற் சிங்களம் என்ற சமன்பாட்டைப் பேரினவாதம் உருவாக்கியது. அச்சமன்பாட்டை அஞ்சி, நம் மண்ணிலுள்ள தூபிகளைப் பற்றிப் பேசாதிருப்பதும், அவற்றை மறுப்பதும், உண்மையில் அச்சமன்பாட்டை ஏற்றுக்கொள்வதேயாகும். கந்தரோடையும் வெடியரசன் கோட்டையும் மணிமேகலையும் தமிழரின் வரலாற்றிற்குப் புறம்பானவையல்ல. ஆதலாலேயே அவற்றைக் காட்டி நிலத்தைக் கவர்வது வரலாற்றுப் புரட்டாகும். 1913 இல் ஊர்காவற்றுறைக் கரம்பனிற் பிறந்த கத்தோலிக்கக் குருவான தனிநாயகம் அடிகள் உலகத் தமிழாய்வை ஒருங்கிணைத்தபோது, தமிழ்ப் பண்பாட்டைப் பல சமயத்தாரின் கூட்டுப் படைப்பாகவே கொண்டார். அந்நோக்கை முன்னெடுத்துச் செல்லல் வேண்டும்.

கச்சதீவின் அந்தோனியார் திருவிழாவில் தமிழகத்து மீனவரும் தீவகத்து மீனவரும் தென்னிலங்கைச் சிங்களக் கத்தோலிக்கரும் ஒரே கொடிமரத்தின்கீழ் நிற்கின்றனர். அம்மூவரும் ஆண்டின் எஞ்சிய நாள்களில் எல்லைக்கோட்டாலும் இழுவைப் படகாலும் மொழியாலும் பிரிக்கப்பட்டிருப்பவர். திருவிழா அப்பிரிவுகளை நீக்கிவிடுவதில்லை. மறுநாள் அவை திரும்பி வருகின்றன. ஆனால் பிரிவுகள் இயற்கையானவையல்ல என்பதை அவ்விரு நாள்கள் நினைவூட்டுகின்றன. ஒரே ஆசனத்திற்காகப் பொருத இரு நாக அரசரின் கதையை நயினாதீவு இன்றும் சொல்லிக்கொண்டிருக்கின்றது. அக்கதையில் ஆசனம் வென்றவனுக்குப் போகவில்லை என்பதை, அதனைத் தம் சொத்தெனக் கொண்டாடும் இரு திறத்தாரும் எண்ணிப் பார்த்தல் தகும்.